மரங் கோம்கே ஜெய்பால் சிங் முண்டா

ஒரு நாட்டின் அரசியல் வரலாறு எழுதப்பெறும்போது, ஆண்ட கட்சிகளுக்கு அதிகாரங்களும் ஆளாத கட்சிகளுக்கு அடிக்குறிப்புகளும் கிடைப்பது வழக்கம். ஆயினும் சில சிறு கட்சிகள் ஆட்சிப் பீடத்தை அணுகாமலே ஒரு மக்களுக்குப் பெயரையும் முகத்தையும் தந்துவிட்டு மறைந்திருக்கின்றன. விடுதலை பெற்ற இந்தியாவில் பழங்குடி மக்களின் உரிமையையே தன் முதற்கொள்கையாகக் கொண்டு தேர்தல் களத்தில் நின்ற ஜார்க்கண்ட் கட்சி அத்தகையது. அக்கட்சியைத் தோற்றுவித்து, வளர்த்து, இறுதியில் தம் கையாலேயே கலைத்தவர் ஜெய்பால் சிங் முண்டா. அவருடைய மக்கள் அவரை ‘மரங் கோம்கே’ என்று அழைத்தனர். முண்டாரி மொழியில் அதற்குப் பெருந்தலைவர் என்பது பொருள்.

பிறந்த மண்

சோட்டா நாகபுரி என்பது கிழக்கிந்தியாவின் மேட்டுநிலம். சால மரக் காடுகளும், செம்மண் குன்றுகளும், பாறைகளினூடே ஓடும் ஆறுகளும் நிறைந்த பகுதி. முண்டா, ஹோ, சந்தால், காரியா, ஒராவோன் முதலிய மக்கள் நெடுங்காலமாக அங்கு வாழ்ந்து வருகின்றனர். இவர்களுள் முண்டாக்கள், ஹோக்கள், சந்தால்கள், காரியாக்கள் ஆகியோரின் மொழிகள் ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒராவோன் மக்கள் பேசும் குருக் மொழியோ திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழிலிருந்து நெடுந்தொலைவில், கங்கைச் சமவெளிக்குத் தெற்கே, தமிழின் உறவுமொழி ஒன்று காட்டு மக்களின் நாவில் வாழ்ந்து வருவதைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்திலேயே எடுத்துக் காட்டியுள்ளார்.

காட்டைத் திருத்திக் கழனியாக்கியவர்களுக்கே நிலம் சொந்தம் என்பது அம்மக்களின் மரபு. பிரித்தானிய ஆட்சியில் நிலக்கிழார்களும், வட்டிக்கடைக்காரர்களும், ஒப்பந்தக்காரர்களும் உள்ளே நுழைந்தனர். வாய்வழி மரபால் நிலைபெற்றிருந்த உரிமை, எழுத்துவழி ஆவணத்தின் முன் நிற்க முடியாமற் போயிற்று. இதனை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிகள் பல. அவற்றுள் பெரிது, 1899-1900இல் பிர்சா முண்டா நடத்திய எழுச்சி. பிர்சா 1900ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள் ராஞ்சிச் சிறையில் மாண்டார். பழங்குடியினர் நிலத்தைப் பிறர் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் 1908இல் வந்தது. அதற்குப் பின்னணியாக அமைந்தவை இத்தகைய எழுச்சிகளே.

பிர்சா மறைந்து மூன்றாண்டுகள் நிறையும் முன்னரே, அவர் நடமாடிய அதே கூண்டி வட்டாரத்தில், டக்ரா என்னும் சிற்றூரில் ஜெய்பால் பிறந்தார். 1903ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் அவர் பிறந்த நாளாகப் பதிவாகியுள்ளது. இளமையில் அவருக்கு வழங்கிய பெயர் பிரமோத். ஊர்ப் பூசை செய்யும் ‘பஹான்’ மரபில் வந்த குடும்பம் அது. கிறித்துவம் அவ்வட்டாரத்தில் பரவியிருந்த காலமாதலால், சிறுவன் ராஞ்சியில் ஆங்கிலிக்கன் திருச்சபையார் நடத்திய தூய பவுல் பள்ளியில் சேர்க்கப்பட்டான். ஆடு மாடு மேய்த்த சிறுவனின் கூர்த்த அறிவையும் ஆட்டத்திறனையும் கண்ட தலைமையாசிரியர் காஸ்கிரேவ் பாதிரியார், அவனைத் தம்முடன் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்.

ஆக்சுபோர்டும் ஆம்ஸ்டர்டாமும்

காண்டர்பரியில் தூய அகஸ்டின் கல்லூரியில் சிறிது காலம் பயின்ற ஜெய்பால், பின்னர் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் தூய யோவான் கல்லூரியில் சேர்ந்தார். அவரைச் சமய ஊழியராக்க வேண்டும் என்பதே அழைத்துச் சென்றவர்களின் எண்ணம். ஆனால் அவர் உள்ளம் பொருளியலிலும் சொற்போர் மன்றத்திலும் ஆடுகளத்திலும் சென்றது. வளைகோற்பந்தாட்டத்தில் ஆக்சுபோர்டின் ‘புளூ’ என்னும் சிறப்பைப் பெற்றார். தடுப்பாட்டக்காரராக அவர் நின்ற இடத்தைக் கடந்து பந்து செல்வது அரிது எனப் பெயர் பெற்றார்.

படிப்பு முடிந்தபின் இந்தியக் குடிமைப்பணிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாளில் ஓர் இந்திய இளைஞன் எட்டக்கூடிய உச்சி அதுவே. பழங்குடியிற் பிறந்த ஒருவர் அங்கு எட்டியது எத்துணைப் பெரிது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. பயிற்சிக் காலம் நடந்துகொண்டிருக்கையில் 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டி வந்தது. இந்திய வளைகோற்பந்தாட்ட அணி முதன்முறையாக அதிற் பங்கேற்றது. தலைமை ஏற்க வருமாறு ஜெய்பாலுக்கு அழைப்பு வந்தது. விடுப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. விடுப்பின்றியே சென்றார்.

ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகளையும் இந்திய அணி வென்றது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-0 என்ற கணக்கில் வீழ்த்தித் தங்கப் பதக்கம் பெற்றது. மொத்தம் 29 கோல்கள் அடித்த அணி ஒரு கோலும் வாங்கவில்லை. தியான் சந்த் என்னும் இளைஞரின் பெயரை உலகம் அறிந்ததும் அப்போதுதான். ஆனால் அணித்தலைவர் ஜெய்பால் இறுதி ஆட்டத்தில் இல்லை. முந்தைய ஆட்டங்களில் தலைமை தாங்கியவர், இறுதிக்கு முன்னரே அணியை விட்டு விலகிச் சென்றார். அதற்குக் காரணம் பலவாறாகச் சொல்லப்படுகிறது. வெற்றியின் வாயிலிற் சென்று நின்று, உள்ளே புகாமல் திரும்பும் இந்நிகழ்ச்சி அவர் வாழ்வில் மீண்டும் ஒருமுறை வேறு களத்தில் நேர இருந்தது.

இலண்டன் திரும்பியபோது, விடுப்பின்றிச் சென்றமைக்காகப் பயிற்சிக் காலத்தை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றனர். நாட்டிற்காக ஆடியதற்கு ஒறுப்பா எனக் கருதிய அவர் குடிமைப்பணியையே துறந்தார்.

அதன்பின் பர்மா ஷெல் நிறுவனத்திற் பணி. ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டில், பின்னாளில் கானா எனப் பெயர் பெற்ற நாட்டில், அச்சிமோட்டாக் கல்லூரியில் ஆசிரியப் பணி. தாயகம் திரும்பி ராய்ப்பூரில் இளவரசர்கள் பயிலும் ராஜ்குமார் கல்லூரியில் முதல்வர் பணி. பிகானிர் சமத்தானத்தில் உயர் அலுவல் என அவர் வாழ்க்கை சென்றது. காங்கிரசின் முதல் தலைவர் உமேஷ் சந்திர பானர்ஜியின் பெயர்த்தி தாரா மஜும்தாரை மணந்தார். மேட்டுக்குடி வாழ்க்கைக்குரிய அனைத்தும் அவருக்கு வாய்த்திருந்தன. டக்ராவுக்கும் அவருக்கும் இடையே இருபது ஆண்டுகளும் இரண்டு கண்டங்களும் நின்றன.

மக்களின் அழைப்பு

சோட்டா நாகபுரியில் இதற்குள் ஓர் அரசியல் விழிப்பு தோன்றியிருந்தது. சமயப் பள்ளிகளிற் படித்த இளைஞர்கள் உன்னதி சமாஜம் என்னும் அமைப்பை முன்னரே கண்டிருந்தனர். உழவர் சபையும் கத்தோலிக்கர் சபையும் தனித்தனியே இயங்கின. 1936இல் ஒரிசா தனி மாகாணமாயிற்று. மொழியால் வேறுபட்டவர்களுக்குத் தனி மாகாணம் உண்டெனில், மொழி, நிலம், வழிபாடு, வாழ்முறை அனைத்தாலும் வேறுபட்ட தங்களுக்கு ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. 1937ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுகள், பிளவுபட்டு நின்றால் தங்கள் குரல் கேட்காது என்பதை உணர்த்தின. 1938இல் அமைப்புகள் ஒன்றிணைந்து ஆதிவாசி மகாசபை உருவாயிற்று.

1939ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ராஞ்சியில் நடைபெற்ற மகாசபை மாநாட்டிற்கு ஜெய்பால் தலைவரானார். மேலைநாட்டு உடையில் வந்து நின்ற அம்மனிதரைக் காண, காடு மேடுகளைக் கடந்து பல்லாயிரவர் நடந்தே வந்திருந்தனர். பறையும் முழவும் ஒலிக்க, ஆடலும் பாடலுமாகக் கூடிய கூட்டம் அது. பீகாரிலிருந்து பிரிந்த தனி மாகாணம் என்னும் கோரிக்கை அன்றுமுதல் அவர் வாழ்வின் நோக்கமாயிற்று. மரங் கோம்கே என்னும் பெயரும் அவருக்கு நிலைத்தது.

அவர் கைக்கொண்ட வழிகள் அனைத்தும் எல்லார்க்கும் உவப்பானவை அல்ல. இரண்டாம் உலகப்போரில் காங்கிரசு ஒத்துழையாமையை மேற்கொண்டபோது, அவர் பிரித்தானிய அரசின் போர் முயற்சிக்குத் துணைநின்று பழங்குடி இளைஞர்களைப் படையிற் சேர்த்தார். நாற்பதுகளில் முசுலிம் லீகுடன் நெருக்கமும் கொண்டார். பீகார்க் காங்கிரசினர் அவரை ஐயுற்றதற்கு இவை காரணமாயின. பேரலைகளுக்கிடையே சிறு ஓடம் செலுத்துவோன் காற்று வரும் பக்கமெல்லாம் பாயைத் திருப்பியதாக அவர் பக்கத்தார் இதனைக் கண்டனர். எனினும், பிரிவினைக்குப் பின் அவர் இந்திய ஒன்றியத்தின்பால் கொண்ட பற்றில் ஐயத்திற்கு இடமிருக்கவில்லை.

அரசியல் நிர்ணய சபையில்

அரசியல் நிர்ணய சபைக்கு 1946இல் பீகாரிலிருந்து அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 19ஆம் நாள், நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தின்மீது அவர் முதன்முறையாகப் பேசினார். பேரறிஞர்களும் வழக்குரைஞர்களும் நிறைந்த அவையில், தாம் ஒரு காட்டான் என்பதில் பெருமை கொள்வதாக அவர் அறிவித்தார். தம் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இந்நாட்டில் வாழ்பவர்கள் என்றும், பின்னர் வந்தவர்களே அவர்களைச் சமவெளியிலிருந்து காட்டுக்கு விரட்டினார்கள் என்றும் உரைத்தார். மக்களாட்சி முறையைப் பழங்குடியினருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து மற்றவர்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அத்துணை வரலாற்றுக் கொடுமைகளையும் எடுத்துரைத்த பின்னரும், எல்லார்க்கும் சம வாய்ப்பளிக்கும் புதிய அத்தியாயம் தொடங்கும் என்னும் தலைவர்களின் சொல்லை நம்புவதாகக் கூறித் தீர்மானத்தை ஆதரித்தார்.

சபையில் அவர் நடத்திய போராட்டங்களுள் இலக்கியம் பயில்வோர் சிறப்பாகக் கருதத்தக்கது சொல்லுக்காக நடத்திய போராட்டம். சட்ட வரைவு அவர் மக்களைப் பட்டியல் பழங்குடியினர் என்று குறித்தது. இந்தி மொழிபெயர்ப்புகளில் ‘வனஜாதி’ என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றது. ஆதிவாசி என்ற சொல்லே வேண்டும் என அவர் வற்புறுத்தினார். காட்டில் வாழ்பவர் என்பது இருப்பிடத்தை மட்டும் சுட்டும். ஆதிவாசி என்பதோ இந்நிலத்தின் முதற்குடிகள் என்னும் உரிமையைச் சுட்டும். ஆதிவாசி என்பது பொதுச்சொல், அதற்குச் சட்டத்தில் வரையறுத்த பொருள் இல்லை, பட்டியலிட்டால்தான் சலுகை இன்னார்க்கென்று வழக்காட முடியும் என்று அம்பேத்கர் விளக்கமளித்தார். சட்டத்தின் நோக்கில் அம்பேத்கரின் கூற்று வலுவுடையதே. ஆயினும், பெயர் இழப்பது உரிமை இழப்பதன் தொடக்கம் என்று ஜெய்பால் அஞ்சியதிலும் உண்மை இருந்தது. சட்டப் புத்தகத்தில் அச்சொல் ஏறவில்லை. மக்கள் வழக்கிலோ அதுவே நின்றது.

மொழிப் பட்டியல் பற்றிய விவாதம் 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் நடந்தபோது, முண்டாரி, கோண்டி, ஒராவோன் ஆகிய மூன்று மொழிகளையும் பட்டியலிற் சேர்க்குமாறு அவர் திருத்தம் கொணர்ந்தார். இம்மூன்றனுள் கோண்டியும் ஒராவோனும் திராவிட மொழிகள் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. எழுத்தில்லாத மொழிக்கு இலக்கியம் இல்லை என்னும் எண்ணம் அவையில் மிகுந்திருந்த காலம் அது. பாட்டிலும் கதையிலும் வழிபாட்டிலும் வாழும் மொழியை மொழியன்று என ஒதுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. திருத்தம் ஏற்கப்படவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் சந்தாலியும் போடோவும் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றன. அப்போதும் ஜெய்பால் கேட்ட மூன்று மொழிகள் வெளியிலேயே நின்றன.

தேசியக் கொடி பற்றிய தீர்மானத்தின்போது, பழங்குடி ஊர் ஒவ்வொன்றும் தனக்கெனக் கொடி உடையது என்பதை அவைக்கு நினைவூட்டி, அக்கொடிகளோடு மூவண்ணக் கொடியையும் தம் மக்கள் ஏற்பார்கள் என்றார். ஆலோசனைக் குழுவில் பழங்குடிப் பெண் ஒருவர்கூட இல்லாமையைச் சுட்டிக்காட்டினார். மதுவிலக்கை அரசின் நெறிமுறைக் கோட்பாடாக்கும் முன்மொழிவை எதிர்த்தார். அரிசிக் கள் இன்றி அவர் மக்களின் வழிபாடும் இல்லை, நாற்று நடவும் இல்லை என்பதை அவர் விளக்கியபோது, நாற்புறமும் காந்தியத் தொண்டர்கள் அமர்ந்திருந்த அவை அதனை விரும்பிக் கேட்டிராது. கேட்போரின் விருப்பம் நோக்கி அவர் பேசுவதை மாற்றிக்கொண்டதில்லை.

பழங்குடிப் பகுதிகளுக்கான ஐந்தாம் அட்டவணை வகுக்கப்பட்டபோது, பழங்குடி ஆலோசனை மன்றத்திற்குச் செயலூக்கமுள்ள அதிகாரம் வேண்டும் என அவர் வாதிட்டார். முதல் வரைவில் அம்மன்றத்திற்கு இருந்த வலிமை இறுதி வடிவில் குறைக்கப்பட்டுவிட்டதென வருந்தினார். அறிவுரை கூறும் மன்றம், அறிவுரையைக் கேட்கும் கடமையில்லாத ஆட்சி என்னும் அந்த அமைப்பு, அவர் அஞ்சியவாறே பின்னாளில் பல மாநிலங்களில் பெயரளவில் நின்றது.

கர்சாவான்

விடுதலைக்குப் பிந்திய முதல் புத்தாண்டு நாள் சோட்டா நாகபுரிக்குக் குருதி நாளாயிற்று. கர்சாவான், செரைகேலா என்னும் இரு சிறு சமத்தானங்கள் ஒரிசாவுடன் இணைக்கப்பட்டன. அப்பகுதிப் பழங்குடியினர் அதனை விரும்பவில்லை. 1948ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள், வாரச் சந்தை கூடும் நாளில், கர்சாவானில் எதிர்ப்புக் கூட்டத்திற்கு ஏற்பாடாகியிருந்தது. ஜெய்பால் வந்து பேசுவார் என்ற செய்தி பரவியதால், ஆணும் பெண்ணுமாகப் பல்லாயிரவர் வில்லும் அம்பும் ஏந்தி வந்து குழுமினர். அவர் வரவில்லை. கூட்டத்தினர்மீது ஒரிசாக் காவற்படை துப்பாக்கிச் சூடு நடத்தியது.

மாண்டவர் தொகை எவ்வளவு என்பதில் இன்றளவும் உடன்பாடு இல்லை. அன்றைய செய்தித்தாள் கணக்கு 35 என்றது. மக்கள் நினைவில் அது நூற்றுக்கணக்காகவும் ஆயிரக்கணக்காகவும் நிற்கிறது. சில திங்களில், அதே 1948ஆம் ஆண்டு மே மாதத்தில், இரு சமத்தானங்களும் பீகாருடன் சேர்க்கப்பட்டன. உயிர் கொடுத்தவர்கள் கேட்டதோ பீகாரும் அன்று, ஒரிசாவும் அன்று. தங்களுக்கென ஒரு மாநிலத்தையே அவர்கள் கேட்டனர். ஆண்டுதோறும் சனவரி முதல் நாளில் கர்சாவான் நினைவிடத்தில் மக்கள் கூடி அஞ்சலி செலுத்துவது வழக்கமாயிற்று. தம்மைக் காண வந்தவர்கள் தாம் இல்லாத இடத்தில் மாண்ட துயரம் ஜெய்பாலின் பொதுவாழ்வில் நீங்காத சுமையாயிற்று.

சேவல் சின்னம்

1950ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆதிவாசி மகாசபை ஜார்க்கண்ட் கட்சியாக உருமாறியது. இம்மாற்றம் பெயர் மாற்றம் மட்டுமன்று. அதுவரை இனத்தின் பெயரால் இயங்கிய அமைப்பு, நிலத்தின் பெயரால் இயங்கத் தொடங்கியது. அம்மண்ணில் வாழும் பழங்குடியல்லாத மக்களுக்கும் கட்சியின் கதவு திறக்கப்பட்டது. தனி மாநிலம் பெறப் பழங்குடியினரின் எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை ஜெய்பால் உணர்ந்திருந்தார்.

கட்சியின் சின்னம் சேவல். எழுத்தறியா மக்கள் வாக்களிக்கும் நாட்டில் சின்னமே கட்சியின் பெயர். சேவலை அறியாத குடிசை அங்கு இல்லை. வழிபாட்டிற் படைக்கப்படுவதும், விடியலை அறிவிப்பதும், சந்தையில் சண்டையிடுவதும் அதுவே. 1952ஆம் ஆண்டு முதற் பொதுத்தேர்தலில் ஜார்க்கண்ட் கட்சி பீகார்ச் சட்டமன்றத்தில் 32 இடங்களைப் பெற்று முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. நாடாளுமன்றத்தில் மூவர் அமர்ந்தனர். ராஞ்சி மேற்குத் தொகுதியிலிருந்து ஜெய்பால் தேர்ந்தெடுக்கப்பட்டார். சமவெளி நிலக்கிழார்களும் வழக்குரைஞர்களும் கோலோச்சிய பாட்னாச் சட்டமன்றத்தில், அவர்கள் மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு கூட்டம் எதிர்வரிசையை நிரப்பியது இந்திய வரலாற்றிற் புதுமை.

மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1953இல் அமைந்தபோது கட்சியின் நம்பிக்கை உச்சத்தில் இருந்தது. பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட அவ்வாணையத்தின்முன் தனி மாநிலக் கோரிக்கை வைக்கப்பட்டது. பீகாரின் தென்பகுதியோடு அண்டை மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளையும் அது வேண்டிற்று. 1955இல் வெளியான அறிக்கை கோரிக்கையை ஏற்கவில்லை. அப்பகுதியில் பழங்குடியினர் மூன்றில் ஒரு பங்கினரை விடச் சற்றே மிகுதி. அவர்களும் பல மொழி பேசுவோர். கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. கனிவளமும் தொழிலும் நிறைந்த தென்பகுதி பிரிந்தால் பீகாரின் பொருளியல் சமநிலை குலையும் என்பன ஆணையம் கூறிய காரணங்கள்.

இக்காரணங்களை எண்ணிப் பார்த்தல் தகும். ஒரே மொழி பேசியதால் ஆந்திரம் மாநிலமாயிற்று. பல மொழி பேசியும் ஒரே வாழ்வு வாழ்ந்தவர்களுக்கு, மொழிகளின் பன்மையே தடையாயிற்று. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் அணைகளுக்கும் நிலம் இழந்து சிறுபான்மையாகிக் கொண்டிருந்தவர்களிடம், நீங்கள் சிறுபான்மையினர் என்பதே விடையாகக் கூறப்பட்டது. மண்ணின் வளம் அம்மண்ணுக்கு உரிமை கோருவதற்குத் தடையாயிற்று.

கலைந்த கட்சி

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சி தன் வலிமையைப் பெரும்பாலும் காத்துக்கொண்டது. சட்டமன்றத்தில் 31 இடங்களும் நாடாளுமன்றத்தில் 6 இடங்களும் கிட்டின. ஆயினும் உள்ளே விரிசல்கள் தோன்றியிருந்தன. பம்பாயைச் சேர்ந்த மினூ மசானி அவ்வாண்டு ராஞ்சி கிழக்கிலிருந்து ஜார்க்கண்ட் கட்சியின் ஆதரவோடு நாடாளுமன்றம் சென்றதைப் போன்ற ஏற்பாடுகள் தொண்டர்களுக்குக் கசப்பூட்டின. கிறித்துவரான பழங்குடியினருக்கும் தம் முன்னோர் வழிபாட்டைத் தொடர்ந்தோருக்கும் இடையே பொறாமை வளர்ந்தது. கல்வியிலும் பதவியிலும் முந்தியவர்கள் முன்னவர்கள். தலைவரோ பெரும்பாலும் தில்லியில் இருந்தார். ஊர்தோறும் கிளைகளைக் கட்டி வளர்க்கும் பொறுமையான பணி நடைபெறவில்லை. ஒரு மனிதரின் பெயரையே தூணாகக் கொண்ட கட்டடம் அது. 1962இல் சட்டமன்ற இடங்கள் 20ஆகக் குறைந்தன.

1963ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் ஜார்க்கண்ட் கட்சி காங்கிரசுடன் இணைந்தது. எதிர்வரிசையில் அமர்ந்து கேட்டுக் கிடைக்காத மாநிலம் ஆளுங்கட்சிக்குள் இருந்து கேட்டால் கிடைக்கலாம் என்று ஜெய்பால் எண்ணியிருக்கக்கூடும். கட்சியினர் பலர் அதனை ஏற்கவில்லை. பீகார் முதலமைச்சர் பினோதானந்த ஜாவின் அமைச்சரவையில் ஜெய்பாலுக்கு இடம் கிடைத்தது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப்பணிக்குச் செல்லவேண்டும் என்னும் காமராசர் திட்டம் அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது. சென்னையில் காமராசர் முதல்வர் பதவியைத் துறந்த அதே நாட்களில், பீகாரில் பினோதானந்த ஜாவும் விலகினார். அவரை நம்பிக் கட்சியைக் கலைத்தவர் கையில் பின்னர் எதுவும் மிஞ்சவில்லை.

இணைப்பை ஏற்காதவர்கள் வெவ்வேறு பிரிவுகளாயினர். என். இ. ஹோரோ ஜார்க்கண்ட் கட்சியின் பெயரை மீட்டெடுத்து நடத்தினார். பாகுன் சும்ப்ராய் வேறொரு அமைப்பைக் கண்டார். ஒருகாலத்தில் 32 பேர் அமர்ந்த வரிசை சிறு சிறு துண்டுகளாயிற்று. ஜெய்பால் 1967இல் காங்கிரசு வேட்பாளராகக் கூண்டித் தொகுதியிலிருந்து மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். மக்கள் அவரைக் கைவிடவில்லை. ஆனால் அவரிடமிருந்து மாநிலத்தை எதிர்பார்ப்பதை விட்டிருந்தனர். கட்சியை இணைத்தது பிழை என்று இறுதி நாட்களில் அவர் வருந்தினார் என்பது ராஞ்சியில் வழங்கிவரும் செய்தி.

1970ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள் அவர் தில்லியில் காலமானார். தம் வாழ்நாளின் இறுதியில் ஆங்கிலத்தில் தம் நினைவுகளை எழுதி வைத்திருந்தார். ‘லோ பிர் சேந்த்ரா’ என்னும் பெயரில் அது 2004இல் ராஞ்சியிலிருந்து நூலாக வெளிவந்தது. எரியும் காட்டில் வேட்டை என்பது அப்பெயரின் பொருள்.

விதையும் விளைவும்

அவர் மறைந்தபின் போராட்டம் புதிய கைகளுக்குச் சென்றது. பினோத் பிகாரி மகதோ, சிபு சோரன், ஏ. கே. ராய் ஆகியோர் 1973இல் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைத் தோற்றுவித்தனர். இழந்த நிலத்தில் விளைந்த பயிரை அறுத்துக்கொள்ளும் போராட்டமும், சுரங்கத் தொழிலாளரின் சங்கமும், தனி மாநிலக் கோரிக்கையும் அங்கு ஒன்றாயின. நாடாளுமன்ற உரைகளில் வளர்ந்த ஜெய்பாலின் முறைக்கும் வயல்வெளியில் வளர்ந்த இம்முறைக்கும் வேறுபாடு பெரிது. ஆனால் கேட்ட பொருள் ஒன்றே; அதன் பெயரும் அவர் கட்சிக்கு இட்ட பெயரே.

2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், பிர்சா முண்டாவின் பிறந்த நாளில், ஜார்க்கண்ட் மாநிலம் உருவாயிற்று. ஜெய்பால் ராஞ்சி மாநாட்டில் தலைமையேற்று 61 ஆண்டுகளும், கட்சியைக் கலைத்து 37 ஆண்டுகளும் கடந்திருந்தன. பீகாரின் தென்மாவட்டங்கள் மட்டுமே அம்மாநிலத்தில் அடங்கின. வங்காளம், ஒரிசா, மத்தியப் பிரதேசம் ஆகியவற்றின் பழங்குடிப் பகுதிகள் வெளியே நின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மாநில மக்களுள் பழங்குடியினர் நூற்றுக்கு 26 பேரே. கேட்டது கிடைத்தபோது, கேட்டவர்கள் தம் நாட்டிலேயே சிறுபான்மையாகியிருந்தனர். அவருடைய பெயரால் 2021இல் ஜார்க்கண்ட் அரசு பழங்குடி மாணவர் சிலரை மேற்படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஒரு பாதிரியாரின் பரிவால் ஒரு சிறுவன் சென்ற வழியில், ஒரு மாநிலத்தின் உரிமையாகப் பிள்ளைகள் சென்றனர்.

ஜெய்பாலின் வாழ்வில் வெற்றியும் தோல்வியும் பிரித்தறிய இயலாதவாறு பின்னிக் கிடக்கின்றன. தங்கம் வென்ற அணியின் தலைவர், வென்ற நாளில் களத்தில் இல்லை. கர்சாவானுக்கு வருவார் என மக்கள் காத்திருந்த நாளில் அவர் வரவில்லை. மாநிலம் பிறந்த நாளிலோ அவர் உயிரோடு இல்லை. அமைப்பைக் கட்டும் ஆற்றல் அவரிடம் குறைவு. சார்ந்த இடங்களைத் தேர்வதிலும் அவர் பிழைத்ததுண்டு. பலர் வியர்வையில் வளர்ந்த கட்சியை ஒரு கையெழுத்தில் கலைத்த குற்றத்திலிருந்து வரலாறு அவரை விடுவிக்காது.

எனினும் அவர் செய்த ஒன்றைப் பின்வந்த எவரும் கலைக்க முடியவில்லை. தாழ்வுச் சொல்லாக வீசப்பட்டதை எடுத்து, நாட்டின் தலையாய அவையில் நின்று, தம் பெருமையாக அணிந்துகொண்டார். முப்பதுகளில் ஒருவரையொருவர் அறியாது தனித்தனிக் குடிகளாய் நின்றவர்கள், ஆதிவாசி என்னும் ஒரு சொல்லின்கீழ்த் தம்மை ஒரு மக்களாகக் கண்டுகொண்டனர். சட்டம் ஏற்காத அச்சொல்லை மக்கள் ஏற்றனர். கட்சி அழிந்தது, இருக்கைகள் பறிபோயின, சொல் நின்றது. மரங் கோம்கேயை அவர் மக்கள் இன்னும் தங்கள் பாட்டில் வைத்திருப்பது அச்சொல்லுக்காகவே.